பள்ளி, கல்லூரிகளில் நாடகப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஜூலை பிறந்தால் உங்களில் யாராவது ஒருவரிடமிருந்து எனக்கு போன் வந்துவிடும். "சார், பத்து நிமிஷத்துல ஒரு நாடகம் வேணும். பொம்பளப் பிள்ளைங்க ஏழு பேர், பசங்க மூணு பேர். ஏதாவது கருத்து இருக்கணும்." பேசுபவர் பெரும்பாலும் தமிழாசிரியராக இருப்பார். சில சமயம் கணக்கு டீச்சராகவோ பி.டி. சாராகவோ இருப்பார். அந்த வருடம் யார் தலையில் நாடகப் பொறுப்பு விழுந்ததோ அவர். இருபது வருடங்களுக்கு மேலாக நாடகங்களில் நடித்தும், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தும், போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தும் வருகிறேன். போனில் ஒவ்வொருவருக்கும் அவசர அவசரமாகச் சொன்னதை இந்த முறை எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். இந்த வருடம் உங்கள் பிள்ளைகள் நடிக்கப்போகிற சிறு நாடகத்தை, இன்றைக்கு நம்மோடு இருந்து எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து எடுங்கள். அவர் பெயரை மேடையில் சொல்லுங்கள். கையில் இருப்பதில் ஒரு தொகையை அவருக்கும் ஒதுக்குங்கள்.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டியில் ஒரே நாளில் பதினான்கு நாடகங்கள் பார்த்தேன். ஆறில் அப்பா குடித்துவிட்டு வந்தார். நான்கில் பையன் செல்போனிலேயே கிடந்து பரீட்சையில் தோற்றான். மூன்றில் மரம் பேசியது. எல்லாவற்றின் முடிவிலும் பிள்ளைகள் வரிசையாக நின்று, ஆளுக்கு ஓர் எழுத்தாகச் சார்ட்டைத் தூக்கிப் பிடித்தார்கள். பிள்ளைகளிடம் குறை ஒன்றும் இல்லை. அந்தப் பதினான்கு குழுக்களிலும் நல்ல நடிகர்கள் இருந்தார்கள். குடிகார அப்பாவாக நடித்த ஒரு பையன், வேட்டியை மடித்துக் கட்டியபடியே நடையை மாற்றிக்கொண்டு வந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் ஒவ்வொரு குழுவிடமும் "யார் எழுதினது?" என்று கேட்டேன். "நெட்ல எடுத்தோம் சார்." "போன வருஷம் அக்காங்க போட்டது." "மிஸ் சொல்லிக் கொடுத்தாங்க." பன்னிரண்டு குழுக்களுக்கு எழுதியவர் யார் என்றே தெரியவில்லை. இவ்வளவு திறமையுள்ள பிள்ளைகளின் கையில், யார் எழுதினார்கள் என்றே தெரியாத வசனத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டோமே என்று அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை.

அதே நாளில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாததில்லை, இப்போது பல பள்ளிகளில் வசனத்தை முன்கூட்டியே பதிவு செய்து பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் வாயசைப்பார்கள். இருப்பது இரண்டே மைக், அதுவும் மேடையின் இரு ஓரத்தில் நிற்கும், ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் மைதானத்தில் கேட்காது என்பதால் வந்த வழக்கம் அது. எனக்கு அதன் நியாயம் புரிகிறது. அன்றைக்குப் பத்தாவதாக வந்த குழுவின் பென்டிரைவ் பாதியில் நின்றுவிட்டது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றாள். சத்தம் வரவில்லை. சவுண்டு சர்வீஸ்காரர் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். ஒரு நிமிடம் இருக்கும். அப்புறம் அவளுக்கு அம்மாவாக நடித்த பெண், "என்னடி முணுமுணுக்கிற? சத்தமாச் சொல்லு, காது கேக்கல" என்றாள். அது எழுதிக்கொடுத்த வசனம் இல்லை. வாயைத் திறந்தபடி நின்ற பெண் சொந்தக் குரலில் பேச ஆரம்பித்தாள். "மழை பெஞ்சா எங்க கிளாஸ்ல ஒழுகும்மா. நான் ஒழுகாத எடத்துல உக்காந்துக்குவேன். அந்த எடம் டெய்லி மாறும்." மரம் வளர்ப்போம் என்று ஆரம்பித்த நாடகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மைதானம் அப்படியே அடங்கிப்போனது. பின்வரிசையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுக்கு அந்த இரண்டு நிமிடத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்க ஆள் இருந்திருந்தால் அவள் பத்து நிமிடம் அப்படி நின்றிருப்பாள். இதுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

"சார், நவீன நாடகம் எல்லாம் எங்க பிள்ளைங்களுக்குப் புரியாது" என்று சொல்வீர்கள். நவீனம் என்றதும் நம் எல்லோர் மனதிலும் கூத்துப்பட்டறை நாடகக் குழுவும், நாடகாசிரியர்கள் ந. முத்துசாமியும் இந்திரா பார்த்தசாரதியும்தான் வருகிறார்கள். அவர்கள் நம் பெருமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முத்துசாமி முதல் நாடகம் எழுதியது 1960களின் கடைசியில். கூத்துப்பட்டறை தொடங்கியது 1977இல். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை'யும் அந்தப் பத்தாண்டில் வந்ததுதான். நாம் நவீனம் என்று சொல்லித் தயங்குகிற நாடகங்களுக்கு வயது ஐம்பதை ஒட்டிவிட்டது. அவற்றை நடித்த இளைஞர்களுக்கே இன்று பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். நான் கேட்பது அவற்றுக்குப் பின்னால் வந்தவர்களை.

சிறு நாடகம் என்றால் சின்ன விஷயம் என்ற எண்ணமும் நம்மிடம் இருக்கிறது. டெல்லியில் ஜன நாட்டிய மஞ்ச் என்ற குழு 1978இல் 'மெஷின்' என்று ஒரு வீதி நாடகம் போட்டது. சப்தர் ஹஷ்மியும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கியது. மொத்தம் பதின்மூன்று நிமிடம்தான். ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்கள் சைக்கிள் நிறுத்த ஓர் இடமும், டீ குடிக்க ஒரு கேண்டீனும் கேட்டார்கள். அதிலிருந்து பிறந்த கதை. நடிகர்களே சேர்ந்து நின்று, கையையும் உடம்பையும் ஆட்டி, வாயால் சத்தம் எழுப்பி இயந்திரம் ஆகிவிடுவார்கள். திடீரென்று இயந்திரம் நின்றுபோகும். ஏன் நின்றது என்பதுதான் நாடகம். செட் கிடையாது, லைட் கிடையாது, திரை கிடையாது. நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த இயந்திரத்தை அரை மணி நேரத்தில் செய்துவிடுவார்கள், நானே செய்யவைத்துப் பார்த்திருக்கிறேன். பதின்மூன்று நிமிடத்தில் அவ்வளவு சொல்ல முடியும் என்றால், உங்களுக்குக் கொடுக்கப்படும் பத்து, பதினைந்து நிமிடம் குறைவான நேரமே இல்லை.

அடுத்து, பிள்ளைகளுக்கென்று இன்றைய எழுத்தாளர்களை எழுதவைப்பது. லண்டனில் இருக்கிற நேஷனல் தியேட்டர் 1995 முதல் 'கனெக்ஷன்ஸ்' என்ற திட்டத்தை நடத்திவருகிறது. ஒவ்வொரு வருடமும் இன்று எழுதிக்கொண்டிருக்கும் நாடகாசிரியர்களிடம் சுமார் பத்து நாடகங்களைச் சொல்லி எழுதி வாங்குகிறார்கள். பதின்மூன்று முதல் பத்தொன்பது வயதுள்ள பிள்ளைகள் நடிப்பதற்கு. நாடு முழுக்கப் பள்ளிகளும் இளைஞர் குழுக்களும் அவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து மேடையேற்றுகின்றன. அப்படி டென்னிஸ் கெல்லி எழுதியதுதான் 'டிஎன்ஏ' என்ற நாடகம். ஒரு பையனைச் சீண்டிச் சீண்டி விளையாடுகிற கூட்டாளிகள், அவனுக்கு ஒரு விபத்து நேர்ந்ததும் அதை மறைக்க என்னென்ன செய்கிறார்கள் என்பது கதை. பெரியவர்கள் யாரும் மேடைக்கு வருவதில்லை. பதினொரு பாத்திரம். பாத்திரங்களின் பெயரும், ஆணா பெண்ணா என்பதும் யோசனைக்காக மட்டுமே, உங்கள் நடிகர்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்று நாடகத்தின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். "பொம்பளப் பிள்ளைங்க ஏழு, பசங்க மூணு" என்ற உங்கள் கவலைக்கு அந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது. அந்த நாடகம் பிறகு அங்கே பத்தாம் வகுப்பு அளவிலான தேர்வுக்குப் பாடமாகவும் ஆனது. பள்ளிப் பிள்ளைகள் நடிக்க எழுதியதைப் பள்ளிப் பிள்ளைகளே பாடமாகவும் படிக்கிறார்கள்.

அங்கே பணம் இருக்கிறது, செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நம்மிடமும் இது இருந்தது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபை என்ற நாடகக் குழு முழுக்கச் சிறுவர்கள்தான். அதில் இருந்த டி.கே. சண்முகத்தை மனதில் வைத்து, அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்று சொல்வார்கள். எழுதுகிறவர் கண் முன்னே அந்தப் பையன் நின்றிருக்கிறான். அவன் குரல் எந்த ராகத்தில் நிற்கும், எத்தனை அடி ஒரே மூச்சில் பாடுவான் என்று தெரிந்து எழுதியது அது.

யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் செய்ததும் இதுதான். ஆசிரியராக இருந்தவர். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 'கூடி விளையாடு பாப்பா' போன்ற நாடகங்களை எழுதினார். 1985இல் அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வெளியே என்ன நடக்கிறதோ அதைத்தான் பிள்ளைகள் மேடையில் பேசினார்கள். இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' பள்ளிப் பாடமாகவே இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு நாடக ஆசிரியர் பிரதி தேடும்போது எழுதியவர் பெயரோடுதான் தேடுகிறார்.

சரி, தமிழ்நாட்டில் இன்று யாரிடம் போவது?

பிரளயன். 1984இல் தொடங்கிய சென்னைக் கலைக்குழு வழியாக எத்தனையோ வீதி நாடகங்களை எழுதி இயக்கியவர். அவர் வீதி நாடகங்கள் தெருமுனையில் நிற்பதற்கென்று எழுதப்பட்டவை. வட்டமாக நின்று நடிக்கலாம், உங்கள் பள்ளி வேப்பமரத்தடி போதும். மைக் இல்லாமல் பேசவேண்டிய நாடகம் என்பதால், பிள்ளைகளின் குரலும் தானாக வளரும். முதல்முறை செய்பவர்களுக்கு நான் இவரிடமிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

சின்ன வகுப்புப் பிள்ளைகள் என்றால் வேலு சரவணன். புதுச்சேரியில் 'ஆழி' குழுவை நடத்துகிறார். அவருடைய 'கடல் பூதம்' நாடகத்தை எத்தனை பள்ளி மைதானங்களில் நடித்திருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியுமோ என்னவோ. கோமாளியாக வந்து, உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையும் கதைக்குள் இழுத்துவிடுவார். அவருடைய நாடகம் ஒன்றை ஒருமுறையாவது பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். கருத்து சொல்லாமலே ஒரு நாடகம் குழந்தைகளை எவ்வளவு நேரம் கட்டிப்போடும் என்று தெரியும்.

பெரிய வகுப்புகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஸ்ரீஜித் சுந்தரத்தின் 'கட்டியக்காரி' குழு போட்ட 'மொளகாப்பொடி'யைச் சொல்வேன். எழுத்தாளர் பாமாவின் கதையிலிருந்து எடுத்தது. தன் வயலில் புல்லறுக்க வருகிற பெண்களின் கண்ணில் மிளகாய்ப்பொடியைத் தூவுகிற ஒரு நிலக்காரியும், அவளுக்குப் பயந்தும் பயப்படாமலும் புல்லுக்குப் போகிற பெண்களும். கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, அவர்கள் வீட்டுப் பேச்சு. சாதி பற்றிய நாடகம் பள்ளியில் வேண்டாம் என்று தலைமையாசிரியர் தயங்கலாம். அந்தத் தயக்கத்தை எதிர்கொண்டு பேசிப் பாருங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன். அந்தப் பிள்ளைகள் தினமும் பார்ப்பதைத்தான் அதில் பேசப்போகிறார்கள்.

திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில் தமிழ் சொல்லித்தரும் க. பார்த்திபராஜா, மாற்று நாடக இயக்கத்தை நடத்துகிறார். மாணவர்களோடு வேலை செய்வது எப்படி என்று தெரிந்த ஆசிரியர், உங்களைப் போலவே வகுப்பும் விடைத்தாளும் வைத்திருப்பவர். உங்கள் கஷ்டம் அவருக்கு விளக்காமலே புரியும். அ. மங்கை இயக்கிய நாடகங்களையும் தேடுங்கள். அவர் மேடையேற்றிய 'ஔவை'யை எழுதிய கவிஞர் இன்குலாப் 2016இல் மறைந்துவிட்டார், அதனால் இந்தப் பட்டியலுக்குள் அவரைச் சேர்க்க முடியாது. ஆனாலும் பாட்டியாக இல்லாத, இளம் பாணர்குலப் பெண்ணாக ஊர் சுற்றிப் பாடுகிற ஔவையை உங்கள் மாணவிகள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசையில் சொல்கிறேன்.

ச. முருகபூபதியின் மணல்மகுடி குழு போடும் நாடகங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. இருந்தாலும் பள்ளி மேடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த உடல்மொழிக்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அவற்றைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், அது போதும்.

இவர்களெல்லாம் ஓரளவு பெயர் தெரிந்தவர்கள். உங்கள் மாவட்டத்திலேயே பெயர் தெரியாமல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கலை இலக்கிய அமைப்புகளின் மாவட்டக் கூட்டத்துக்கு ஒருமுறை போனால் மூன்று பேரையாவது பார்த்துவிடலாம். உங்கள் பள்ளியின் பழைய மாணவர்களிலேயே ஒருவர் இருக்கலாம். கதையும் கவிதையும் எழுதினால் போட நிறைய இதழ்கள் உண்டு. நாடகம் எழுதினால் போட இடம் ரொம்பக் குறைவு. வெளி ரங்கராஜன் நாடகத்துக்கென்றே 'வெளி' இதழை நடத்திய காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்படி ஓர் இதழ் இல்லாத குறையை ஓரளவு நீங்கள் தீர்க்கலாம். எழுதிய நாடகத்தை நடிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் எழுதுவார்கள்.

தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது சிலவற்றைத்தான். பிரதியை முதலில் பிள்ளைகள் கையில் கொடுத்து வட்டமாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்வேன். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் யாராவது சிரிக்கிறார்களா, யாராவது "இவ ஏன் இப்படிச் சொல்றா?" என்று கேட்கிறார்களா என்று கவனிப்பேன். கேள்வி வந்தால் அந்த நாடகம் சரி. மேடையில் ஒருவரே நின்று ஒரு நிமிடத்துக்கு மேல் அறிவுரை சொன்னால் அதை ஓரமாக வைத்துவிடுவேன். கடைசிக் காட்சியில் திருந்துகிற அப்பா இருந்தாலும் அப்படியே. அப்புறம் பகல் வெளிச்சத்தில் நடிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். இருட்டும் கலர் லைட்டும் இல்லாமல் நிற்காத நாடகத்தை, மதியம் இரண்டு மணிக்கு ஷாமியானா பந்தலில் போட முடியாது.

அனுமதி பற்றி நிறையப் பேர் பயப்படுகிறீர்கள். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவிலேயே கல்வி நிலையங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்து, பார்ப்பவர்கள் அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் பெற்றோர்களுமாக மட்டும் இருந்தால் அது உரிமை மீறல் ஆகாது. ஆண்டுவிழாவுக்கு இது பொருந்தும். வெளியே போட்டிக்கோ பொதுமேடைக்கோ போனால் அனுமதி வாங்கிவிடுவதே நல்லது. எழுதியவர் காலமாகி அறுபது ஆண்டுகள் வரை உரிமை அவர் குடும்பத்திடம் இருக்கும். ஆனால் சட்டம் விட்டுக்கொடுக்கிற இடத்திலும் கேளுங்கள் என்பேன். "அய்யா, உங்க நாடகத்த எங்க பிள்ளைங்க போடுறாங்க" என்று ஒரு போன். நான் பார்த்தவரை அதற்கு வேண்டாம் என்று சொன்ன நாடகாசிரியர் யாரும் இல்லை. பாதிப் பேர் ஒத்திகைக்கே கிளம்பி வந்துவிடுகிறார்கள்.

பணமும் அப்படித்தான். டிரஸ் வாடகைக்குக் கொடுக்கிறோம். மேக்கப் போடுபவருக்குக் கொடுக்கிறோம். பாட்டை வெட்டி ஒட்டுகிற கம்ப்யூட்டர் சென்டருக்குக் கொடுக்கிறோம். வந்துபோக ஆட்டோவுக்குக் கொடுக்கிறோம். எழுதியவருக்கு மட்டும் கொடுப்பதில்லை. ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் ஒரு கவரில் போட்டு, கூடவே பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தையும் வைத்து அனுப்புங்கள்.

2022இல் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய கலைத் திருவிழாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகத்துக்கும் மேடை கிடைத்திருக்கிறது. பள்ளியிலிருந்து மாநில அளவு வரை போகலாம், ஜெயித்தால் கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுக்கிறார்கள். இவ்வளவு பெரிய மேடை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதற்கு முன் கிடைத்து நான் பார்த்ததில்லை. அதன் பொறுப்பாளர்களும் இதைப் படித்தால், அறிவிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி வேண்டிக்கொள்கிறேன். நாடகத்தின் பெயரோடு எழுதியவர் பெயரும் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டும் என்று. ஆசிரியரே எழுதியிருந்தால் ஆசிரியர் பெயர், பிள்ளைகளே சேர்ந்து உருவாக்கியிருந்தால் பிள்ளைகளின் பெயர். மதிப்பெண் எதுவும் வேண்டாம், பெயர் சொன்னால் போதும்.

பென்டிரைவ் நின்றுபோன அந்தப் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவளுடைய டீச்சர் போன வாரம் பேசினார். இந்த வருடம் எட்டுப் பெண்கள், பையன்கள் யாரும் இல்லை. பதிவு செய்த குரல் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்களாம். பதினைந்து நிமிடம், வகுப்பறையிலேயே நடக்கிற மாதிரி ஒரு நாடகம் கேட்கிறார்கள். என்னிடம் இருந்த பிரதிகளைத் தேடிப் பார்த்தேன், எட்டுப் பெண்களுக்கு ஏற்றது எதுவும் இல்லை. எழுதிக்கொண்டிருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் சொல்லுங்கள். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஒத்திகை.

அன்புடன்,
உங்கள் போனை எதிர்பார்த்திருக்கும் ஒரு நாடகக்காரன்